சுவரோடு நின்றுவிடும் தோட்டா

“ஹார்லன், சுவரோட நின்னுபோற மாதிரி தோட்டா ஏதாவது வெச்சிருக்கியா?”

வெல்டா அத்தை இப்படிக் கேட்டதும் கடை முழுக்க ஒரு நொடி அமைதியாகிவிட்டது. எங்கள் ஊர் இரும்புக்கடையில் அது லேசில் நடக்காது. ஆணி வாங்க வந்தவர்கள், கோழித் தீவனம் வாங்க வந்தவர்கள், எதுவும் வாங்காமல் இலவசக் காப்பிக்காக வந்தவர்கள் எல்லாரும் துப்பாக்கிகள் வைத்திருக்கும் கண்ணாடி மேசைப் பக்கம் திரும்பினார்கள். மேசைக்குப் பின்னால் நின்ற ஹார்லன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார்.

“கரடியைச் சாய்க்கிற தோட்டா கேட்டிருக்காங்க. காட்டுப்பன்றியைப் பொரட்டுற தோட்டா கேட்டிருக்காங்க. சுவரைக் கண்டா மரியாதையா நின்னுக்குற தோட்டாவை இப்பத்தான் ஒருத்தி கேக்குறா.”

“கிண்டலை விடு. இருக்கா, இல்லையா?”

“எந்தத் துப்பாக்கிக்கு?”

“என்கிட்ட வேற என்ன இருக்கு? அந்தக் குட்டிதான். முப்பத்திரண்டு காலிபரு.”

காப்பிப் பானை அருகிலிருந்து ஒருவர் பெரிதாகச் சிரித்தார். “அந்த முப்பத்திரண்டா? அதால சுட்டா, திருடன் திரும்பிப் பாத்து ‘யாரு என்னைக் கிள்ளினது’ன்னு கேப்பான்!”

சிரித்தவர் பர்ல் பெரியப்பா. அத்தைக்கு அண்ணன். அத்தை குடியிருக்கும் வீட்டுக்குச் சொந்தக்காரரும் அவர்தான்.

அத்தை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “வா அண்ணே, வந்து பத்தடி தள்ளி நில்லு. கிள்ளுற மாதிரி இருக்கா, எப்படி இருக்குன்னு நீயே சொல்லு.”

கடை மறுபடி சத்தத்துக்குத் திரும்பியது.

வெல்டா அத்தை பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறாள். மலைப்பாதைத் தடம் அவளுடையது. பனியில் வழுக்குகிற வளைவுகள், மரப்பாலங்கள், நடுச்சாலையில் படுத்துக்கொண்டு எழுந்திருக்க மறுக்கும் நாய்கள், எல்லாம் அந்தத் தடத்தில்தான். ஊரில் பாதிப் பேர் அவள் பஸ்ஸில் போய்ப் படித்தவர்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அந்தப் பட்டத்துக்கான பயணத்தை அத்தையின் பஸ்ஸில், மூன்றாவது இருக்கையில் உட்கார்ந்து ஆரம்பித்தேன் என்று எங்கே போனாலும் சொல்வேன். வேளாண் வணிகம் படித்துவிட்டு இப்போது விவசாயிகள் கூட்டுறவுக் கடையில் வேலை. கெண்டல் என்ற என் பெயரை ஊர் மறந்து வெகுநாளாயிற்று. எல்லாருக்கும் நான் ‘காலேஜு’. கேலிக்காக வைத்த பெயர்தான். எனக்கு அது பிடித்திருக்கிறது.

பஸ் கதவைத் திறக்க ஒரு நீண்ட கைப்பிடி உண்டு. அதை இத்தனை வருடம் இழுத்துத் தள்ளியதில் அத்தையின் கட்டைவிரல் மூட்டுகள் வீங்கிப் போயின. பெரிய துப்பாக்கியில் தோட்டா ஏற்ற மேல்தகட்டைப் பின்னால் இழுக்க அவளால் முடியாது. அவள் கணவர் லெஸ்டர் மாமா இறந்த பிறகு ஒவ்வொன்றாக எடுத்து இழுத்துப் பார்த்து, கடைசியில் உள்ளங்கைக்குள் அடங்கும் இந்த முப்பத்திரண்டை வாங்கிக்கொண்டாள். அது பழைய மாதிரி. சுட்டால் கை அதிராது. படுக்கைக்குப் பக்கத்து இழுப்பறையில் பைபிளுக்கு அருகே கிடக்கும். அதன் பிறகு அவளுக்குத் தூக்கத்தில் குறையே இருந்ததில்லை, போன கோடை வரை.

கோடையில் என்ன நடந்தது என்றால், பக்கத்துப் பாதியில் குழந்தை பிறந்தது.

அந்த வீடு ஒரு காலத்தில் ஒரே பண்ணை வீடு. பர்ல் பெரியப்பா குறுக்கே ஒரு சுவர் வைத்து இரண்டாக்கினார். கிழக்குப் பாதியில் அத்தை. மேற்குப் பாதியில் டெஸ்ஸா என்ற இளம் பெண்ணும் அவள் கணவனும். அவன் கோழி இறைச்சி ஆலையில் இரவு வேலை பார்க்கிறவன். குழந்தைக்கு ஜூனி என்று பெயர். டெஸ்ஸா தொட்டிலை அந்தக் குறுக்குச் சுவரை ஒட்டிப் போட்டாள்.

“ஒரு நாள் படுத்திருக்கேன் மருமவனே, தும்மல் சத்தம் கேக்குது. என் அறைக்குள்ளயே யாரோ தும்முன மாதிரி. எந்திரிச்சு உக்காந்துட்டேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, அந்தப் பக்கம் பச்சைப்புள்ள தும்முது” என்று அத்தை என்னிடம் சொன்னாள். அவள் சமையலறையில் பிஸ்கட் என்கிற மெத்து ரொட்டியும் கிரேவியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். “புள்ளையோட தும்மலே நிக்காம வர்ற சுவரு. அதுல தோட்டா நிக்குமா?”

அன்றைக்கே துப்பாக்கியிலிருந்து தோட்டாக்களை எடுத்து, குளிர்பதனப் பெட்டியின் மேல் இருந்த மாவு டப்பாவுக்குள் போட்டுவிட்டாள். துப்பாக்கி மட்டும் இழுப்பறையில் வெறும் இரும்பாகக் கிடந்தது.

அந்த நேரம் பார்த்து எங்கள் சாலையில் திருட்டு ஆரம்பித்தது. முதலில் கொட்டகைகளிலிருந்து செம்புக் கம்பி போயிற்று. பிறகு, ஆள் இருக்கும் வீட்டிலேயே ஒருவன் கதவுக் குமிழைத் திருகிப் பார்த்துவிட்டுப் போனான். ஷெரிஃபின் போலீஸ்காரர்களைக் கூப்பிட்டால் வருவார்கள். ஆனால் வந்து சேர்வதற்குள் இறைச்சித் துண்டை வறுத்துச் சாப்பிட்டுப் பாத்திரமும் கழுவி வைத்துவிடலாம். அத்தை ஒவ்வொரு சத்தத்துக்கும் விழித்தாள். காற்று அடித்தாலும் விழித்தாள். காற்று அடிக்கவில்லை என்றாலும் விழித்தாள்.

“போன செவ்வாக்கிழமை டாப்ஸ் வீட்டுப் பையனை விட்டுட்டுப் போயிட்டேன்டா” என்றாள். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “தபால்பெட்டிகிட்ட நின்னு கையை ஆட்டுறான். நான் அவனைப் பாத்துக்கிட்டே தாண்டிப் போயிட்டேன். முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். ஆனா மண்டைக்குள்ள ஆள் இல்ல. அடுத்த வளைவுல அப்படி இருந்தா என்ன ஆவும்?”

“சுத்தி வந்து ஏத்திக்கிட்டீங்கல்ல அத்தை?”

“ஏத்திக்கிட்டேன். அது பேச்சில்ல. பஸ் நிறையப் புள்ளைங்களை வெச்சுக்கிட்டுத் தூங்கி விழுற பொம்பளைக்குச் சாவி எதுக்கு? ஆபீசுல சொல்லிட்டேன். கிறிஸ்துமஸ் லீவுக்குள்ள எனக்குத் தூக்கம் வரலேன்னா சாவியைக் குடுத்துடறேன்னு.”

பஸ் இல்லாத அத்தையை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவளாலும் முடியவில்லை என்பது கிரேவி ஆறிப்போனதில் தெரிந்தது.

“டெஸ்ஸாகிட்ட தொட்டிலைத் தள்ளிப் போடச் சொல்லலாமே?”

அத்தை என்னைப் பார்த்த பார்வையில் என் பட்டம் கொஞ்சம் சுருங்கியது. “அந்த அறையில ஒரு பக்கம் விறகு அடுப்பு. இன்னொரு பக்கம் வடக்கு ஜன்னல், குளிர் ஊசி மாதிரி இறங்கும். வேற எங்க போடுவா? அதோட, இன்னொருத்தி வீட்டுல தொட்டில் எங்க இருக்கணும்னு சொல்ல நான் யாருடா?”

எங்கள் மலையில் ஒருவரை ஒருவர் மாட்டுத் தகராறில் அடித்துக்கொள்வார்கள். வேலித் தகராறில் கோர்ட்டுக்குப் போவார்கள். ஆனால் அடுத்தவர் வீட்டு நாற்காலியை நகர்த்தச் சொல்ல மாட்டார்கள். அதனால்தான் அத்தை, தொட்டிலை நகர்த்துவதை விட்டுவிட்டு, சுவரோடு நிற்கும் தோட்டாவைத் தேடி ஹார்லன் கடைக்கு வந்தாள்.

ஹார்லன் இரண்டு பெட்டிகளை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒன்றில் உருண்டை மூக்குத் தோட்டா. மற்றதில் மூக்கில் குழி விழுந்த தோட்டா.

“இந்தக் குழிமூக்கன் உடம்புல பட்டதும் பூ மாதிரி விரிவான். விரிஞ்சா அங்கயே நிப்பான், அடுத்த பக்கம் போக மாட்டான். உனக்கு இதான் சரி.”

“விரியிறதுக்கு வேகம் வேணும்யா” என்று பெரியப்பா குறுக்கே வந்தார். “முப்பத்திரண்டுல வேகம் ஏது? நம்ம ஊர்க் குளிருக்குத் திருடன் கம்பளிக் கோட்டும் ஜீன்ஸும் போட்டுத்தான் வருவான். குழியில துணி அடைச்சுக்கும், பூவும் விரியாது காயும் விரியாது. உருண்டையே போடு. உள்ள ஆழமா போவும்.”

“ஆழமா போயி அப்படியே புள்ளை தொட்டிலுக்கும் போவும்” என்றாள் அத்தை.

“என் சுவரு நிறுத்தும். நான் வெச்ச சுவரு அது!”

“உன் சுவரு தும்மலையே நிறுத்தல அண்ணே.”

காப்பிக்காரர்களில் ஒருவர் மூன்றாவதாக ஒரு பெட்டியைக் காட்டினார். பொடியை அழுத்திச் செய்த தோட்டா, கடினமான எதில் பட்டாலும் தூளாகிவிடும் என்றார். இன்னொருவர் நாய் வளர்க்கச் சொன்னார். இன்னொருவர் மறுகல்யாணம் செய்துகொள்ளச் சொன்னார். “நாயே தேவலை” என்றாள் அத்தை.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். “இங்க நின்னு பேசி என்ன ஆவப் போவுது? மூணையும் சுட்டே பாத்துருவோம். வீட்டுச் சுவர் மாதிரியே ஒண்ணு செய்வோம். சதைக்குப் பதிலா ஜெலட்டின் கட்டி வெப்போம். தோட்டா எவ்வளவு ஆழம் போவுதுன்னு அப்படித்தான் பாப்பாங்க.”

“கேட்டுக்குங்க” என்றார் பெரியப்பா கடையைப் பார்த்து. “நாலு வருஷம் காலேஜ்ல போயி ஜெல்லி கிண்டக் கத்துக்கிட்டு வந்திருக்கான்.”

ஆனால் அத்தை ஏற்கெனவே மூன்று பெட்டிகளையும் எடுத்துக்கொண்டிருந்தாள்.

சர்க்கரையும் நிறமும் இல்லாத ஜெலட்டின் தூளை வாங்கி, வான்கோழி வறுக்கும் பெரிய தட்டில் கரைத்து ஊற்றினோம். அது கெட்டியாகக் குளிரில் இருக்க வேண்டும். அவ்வளவு பெரிய தட்டு உள்ளே போகிற குளிர்பதனப் பெட்டி ஊரில் ஒன்றுதான், அது சர்ச் சமையலறையில் இருந்தது. செவ்வாய்க்கிழமை கொண்டுபோய் அடித்தட்டில் வைத்தேன். மேலே ஒரு காகிதம் ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டவில்லை.

புதன்கிழமை சர்ச்சில் பொது விருந்து. ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து நீள மேசையில் வைப்பார்கள். சமையலறைப் பொறுப்பு இமோஜென் அம்மாவுடையது. அவர் பெட்டியைத் திறந்து, மங்கலான மஞ்சளாய்ச் செங்கல்போல் கிடந்ததைப் பார்த்திருக்கிறார். எந்தப் பாவப்பட்ட பெண்ணோ முதல்முறையாக ஜெல்லி செய்து, பழம் போட மறந்துவிட்டாள் என்று நினைத்து மனம் இளகிவிட்டது அவருக்கு. யாருக்கும் அவமானம் வரக் கூடாது என்று, சொல்லாமல் கொள்ளாமல் டப்பாப் பழத்தைக் கொட்டி, கிரீம் பூசி, செர்ரியை வரிசையாக நட்டு, மேசையின் நடுவில் வைத்துவிட்டார்.

எங்கள் சர்ச்சில் ஒரு வழக்கம் உண்டு. இன்னொருவர் கொண்டுவந்த பதார்த்தத்தை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். மிச்சமும் வைக்க மாட்டார்கள். அத்தையும் நானும் உள்ளே நுழைந்தபோது பாஸ்டர் ஒரு துண்டை வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தார். மென்றார், மென்றார், மென்றுகொண்டே இருந்தார். அவர் தாடை டயரைக் கடிப்பதுபோல் ஏறி இறங்கியது.

“ரொம்ப... உறுதியா இருக்கு” என்றார், விழுங்கியபின். “நல்ல உறுதி.”

“இன்னொரு துண்டு போடட்டுமா பாஸ்டர்?” என்றார் இமோஜென் அம்மா.

“தாராளமா.”

அத்தை என் முழங்கையைப் பிடித்துக் கிள்ளினாள். “டேய். அது நம்ம கட்டி.”

“தெரியுது அத்தை.”

“அது சுடுறதுக்கு வெச்சதுடா! சொல்லுடா!”

“நீங்க சொல்லுங்க.”

யாரும் சொல்லவில்லை. கடைசியில் தட்டே காலி. பெரியப்பாவும் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். விஷயம் தெரிந்தும் சாப்பிட்டார். “பழத்தோட நல்லாத்தான் இருந்துச்சு” என்று இன்றைக்கும் சாதிக்கிறார்.

விருந்து முடிந்து தட்டைக் கழுவும்போது அத்தையால் அடக்க முடியவில்லை. இமோஜென் அம்மாவிடம் உண்மையைச் சொன்னாள். அவர் கையிலிருந்த பஞ்சு தண்ணீரில் விழுந்தது. பிறகு சிரிக்க ஆரம்பித்தவர் நாற்காலியில் உட்கார்ந்துதான் முடித்தார்.

“பாஸ்டருக்குத் தெரிய வேணாம்” என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. “உங்களுக்கு வேற கட்டி நான் செஞ்சு தர்றேன். சனிக்கிழமை எத்தனை வேணும்? நானும் பாக்க வருவேன், சொல்லிட்டேன்.”

சனிக்கிழமை காலை பெரியப்பாவின் மேய்ச்சல் நிலத்தில் கூடினோம். குளத்தங்கரை மண்மேடு பின்னால் இருந்ததால் தோட்டா தப்பிப்போக வழியில்லை. மாடுகளை அடுத்த வயலுக்கு ஓட்டிவிட்டோம். எல்லாருக்கும் காதடைப்பான், கண்ணாடி. இமோஜென் அம்மா கட்டிகளோடு கூடவே ஒரு மடக்கு நாற்காலியும், தூக்குப் பாத்திரத்தில் இனிப்புத் தேநீரும் கொண்டுவந்திருந்தார். ஹார்லன் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். திருவிழாவுக்கு ராட்டினம் ஒன்றுதான் பாக்கி.

பெரியப்பா டிரக்கிலிருந்து சுவரை இறக்கினார். மரச் சட்டத்தின் இரண்டு பக்கமும் ஜிப்சம் பொடியாலான வெள்ளைப் பலகை அடித்து, சாயமும் பூசிக் கொண்டுவந்திருந்தார்.

“அப்படியே அச்சு அசல் நம்ம வீட்டுச் சுவரு” என்றார்.

அத்தை அருகே போய் விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டினாள். காதை வைத்துக் கேட்டாள். மறுபடி தட்டினாள்.

“அண்ணே.”

“என்ன?”

“இது எங்க வீட்டுச் சத்தம் இல்லையே. உள்ள என்ன வெச்சிருக்க?”

“என்ன வெப்பேன், காத்துதான்.”

அத்தை சட்டத்தைத் திருப்பிப் பக்கவாட்டில் எட்டிப் பார்த்தாள். வெள்ளைப் பலகைக்குப் பின்னால் தடித்த பிளைவுட் பலகை ஒளிந்துகொண்டிருந்தது.

“இதை எங்க வீட்டுச் சுவருக்குள்ளயும் வெச்சிருக்கியா?”

பெரியப்பா தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். “வெக்கணும்னு நெனச்சேன்.”

“நெனச்சியா!”

“பலகை விலை ஏறிப்போச்சு வெல்டா அந்த வருஷம்.”

இமோஜென் அம்மா சிரித்த சிரிப்பில் தேநீர் சிந்தியது. பெரியப்பா முனகிக்கொண்டே கொட்டகைக்குப் போய், நிஜமாகவே வீட்டில் இருப்பதுபோன்ற சுவரைச் செய்துகொண்டுவந்தார். இந்த முறை அத்தை தட்டியதும் தலையாட்டினாள். “இதான். தும்முற சுவரு.”

முதலில் கட்டிக்கு ஒரு பழைய ஜீன்ஸ் துணியைப் போர்த்தி, தனியாகச் சுட்டுப் பார்த்தோம். குழிமூக்குத் தோட்டாக்களை அத்தையே நிரப்பிக்கொண்டு போய் நின்றாள். முதல் வெடி போயிற்று. இரண்டாவதுக்கு விரலை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. துப்பாக்கி பாதி வாயைத் திறந்தபடி நின்றுவிட்டது. ஹார்லன் வாங்கிப் பிரித்துப் பார்த்தார். இந்த ரகத் தோட்டாவின் அடிவிளிம்பு கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். குழிமூக்கு நீளத்தில் குட்டை. தோட்டாக்களை அடுக்கும் கூட்டுக்குள் முன்னும் பின்னும் நகர இடம் கிடைத்ததும், மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போய்க் கொக்கிபோல் மாட்டிக்கொண்டது.

“அந்நேரத்துல இப்படி ஆனா?” என்றாள் அத்தை.

“திருடனை ஒரு நிமிஷம் இருக்கச் சொல்லணும்” என்றார் ஹார்லன், ரொம்பப் பாவமாக.

போன முதல் தோட்டாவையும் கட்டியை அறுத்து எடுத்துப் பார்த்தோம். பெரியப்பா சொன்னதுபோலவே குழி முழுக்க நீலத் துணி அடைத்துக் கிடந்தது. விரியவில்லை. பெரியப்பா அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் போய்க் காட்டினார். மாடுகளிடமும் காட்டியிருப்பார், அவை தூரத்தில் இருந்தன.

தூளாகும் தோட்டா சிக்காமல் வெடித்தது. ஆனால் கட்டிக்குள் நாலு விரல் ஆழம்கூடப் போகவில்லை. “கோட்டுப் பொத்தானைக் கழட்ட வேணா இது ஆவும்” என்றார் பெரியப்பா. உருண்டை மூக்கை நிரப்பியபோது துப்பாக்கி ஒரு முறைகூடத் தயங்கவில்லை. கூடு காலியாகும்வரை தையல் மிஷின் மாதிரி ஓடியது. ஆழமும் வேண்டிய அளவு போயிற்று. அத்தை திரும்பத் திரும்ப நிரப்பிச் சுட்டாள். வீங்கிய விரல்களுக்கு அது ஒத்துழைத்தது. அவள் முகத்தில் பல வாரங்களாகக் காணாத ஒரு தெம்பு வந்தது.

பிறகு சுவரை வைத்தோம். சுவருக்குப் பின்னால், தொட்டில் இருக்கும் இடத்தில், இமோஜென் அம்மாவின் கடைசிக் கட்டியை வைத்தோம்.

உருண்டை மூக்கு சுவரைத் துளைத்து, கட்டியைத் துளைத்து, மண்மேட்டுக்குள் போய்ப் புதைந்தது. குழிமூக்கு, மூக்கில் வெள்ளைப் பொடியை அடைத்துக்கொண்டு அதே வழியில் போயிற்று. தூளாகும் என்று சொன்ன தோட்டாவும் பலகையில் தூளாகவில்லை. சுவரைத் தாண்டிக் கட்டியில்தான் தன் வேலையைக் காட்டியது.

பெரியப்பா தன் சுவரில் விழுந்த துளைகளை எண்ணினார்.

அத்தை அந்தக் கட்டியின் முன்னால் குனிந்து, விரலால் துளையைத் தொட்டுப் பார்த்தாள். “அப்போ அப்படி ஒரு தோட்டா இல்ல” என்றாள்.

“ஆளை நிறுத்துறது எதுவா இருந்தாலும் இந்தச் சுவரைத் தாண்டும் வெல்டா” என்றார் ஹார்லன். “இருந்தா உனக்கு விக்காமலா இருப்பேன்?”

“சரி” என்றாள். துப்பாக்கியைக் காலி செய்து பையில் போட்டாள். “திங்கக்கிழமை ஆபீசுல போய்ச் சாவியைக் குடுத்துடறேன்.”

நான் அவளை டிரக்கில் கூட்டிவந்தேன். வீட்டு வாசலில் டெஸ்ஸா, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு உலாத்திக்கொண்டிருந்தாள். அவள் கண்ணுக்குக் கீழேயும் கருவளையம். ஜூனி வீறிட்டுக்கொண்டிருந்தது.

“வெல்டாம்மா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். தப்பா நெனச்சுக்கக் கூடாது” என்றாள் டெஸ்ஸா.

“கேளு.”

“நீங்க இப்போ ராத்திரியில வேற எங்கயாவது போய்ப் படுக்குறீங்களா?”

“இல்லையே. ஏன்?”

டெஸ்ஸா தரையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், பிறகு சட்டென்று சொல்லிவிட்டாள். “உங்க குறட்டை கேக்க மாட்டேங்குது.”

அத்தை வாய் பிளந்து நின்றாள்.

“புள்ளை பிறந்ததுலேர்ந்து உங்க குறட்டையைக் கேட்டுத்தான் தூங்குவா. அதுக்காகத்தான் தொட்டிலை அந்தச் சுவர்கிட்டயே போட்டேன். அவங்கப்பா ராத்திரி ஷிப்டு. எனக்கும் அது ஒரு தொணை மாதிரி. இப்போ ரெண்டு மாசமா சத்தமே இல்ல. இவளும் தூங்கல, நானும் தூங்கல. டிராக்டர் சத்தத்தை போன்ல போட்டுப் பாத்தேன். அது உங்களை மாதிரி இல்ல.”

நான் டிரக்கின் கதவில் முகத்தை வைத்துக்கொண்டேன். சிரித்தால் அத்தை அடிப்பாள்.

“நான் குறட்டை விடுவேனா?” என்றாள் அத்தை.

“அம்மாடி!” என்றாள் டெஸ்ஸா.

அத்தை கன்னம் சிவந்தது. ஆனால் ஒளிக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. அங்கேயே நின்று, தும்மல் கேட்டது, தோட்டாக்களை எடுத்து வைத்தது, காலையில் சுட்டுப் பார்த்தது எல்லாவற்றையும் சொன்னாள். டெஸ்ஸா குழந்தையை இறுக்கிக்கொண்டு கேட்டாள். முகம் வெளுத்தது, பிறகு மெல்லத் தெளிந்தது.

“இவளுக்காகவா தூங்காம கெடக்குறீங்க?”

“பின்ன யாருக்காக?”

“நான் தொட்டிலை ஜன்னல் பக்கம் போட்டுடறேன். குளிருக்கு ஏதாவது செஞ்சுக்கலாம். ஆனா...” டெஸ்ஸா தயங்கினாள். “அங்க போட்டா உங்க சத்தம் இன்னும் கேக்காதே. நீங்க வேணா உங்க கட்டிலை இந்தப் பக்கம், சுவர்கிட்ட கொண்டுவந்துட்டா? அவளுக்கு நல்லாக் கேக்கும்.”

“கட்டிலை அங்க கொண்டுவந்தா குளிருமேடி. நான் அடுப்புக் கல்சுவர்கிட்ட படுக்குறதே சூட்டுக்குத்தான்...”

அத்தை பேச்சை நிறுத்தினாள். வெறும் கையைத் துப்பாக்கிபோல் நீட்டினாள். வீட்டைப் பார்த்துத் திரும்பினாள். நீட்டிய கையோடு உடம்பை மேற்கிலிருந்து கிழக்காகத் திருப்பினாள்.

“கெண்டல்” என்றாள். என் பெயரை அவள் வாயில் கேட்டு எத்தனை நாளாயிற்று. “என் அறைக் கதவு நடுவுல இருக்கு.”

“ஆமா அத்தை.”

“நான் கிழக்க, கல்சுவர்கிட்ட படுத்திருக்கேன். அதனால உள்ள வர்றவனைச் சுட்டா மேற்க சுடணும். புள்ளைப் பக்கம். கட்டில் இந்தக் கடைசிக்கு வந்துட்டா?”

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. “கிழக்க சுடுவீங்க. பழைய பண்ணை வீட்டு அடுப்புச் சுவரு. ஆள் நீளத்துக்குக் கல்லு. அதுக்கு அந்தப் பக்கம் மலைச்சரிவு.”

“இத்தனை பேரு இத்தனை தோட்டாவை மாத்தி மாத்திச் சுட்டோம். யாராவது கட்டிலைப் பத்தி யோசிச்சோமாடா?”

“நீங்க கட்டிலைப் பத்திக் கேக்கல அத்தை. தோட்டாவைப் பத்தித்தான் கேட்டீங்க.”

“போடா காலேஜு.”

மத்தியானமே கட்டில் நகர்ந்தது. பெரியப்பா வந்து ஒரு பக்கம் பிடித்தார். அந்தக் கட்டில் ஓக் மரம், பிணம் மாதிரி கனம். ஒவ்வொரு அடிக்கும், “என் சுவரு மேல இடிக்காத, என் சுவரு மேல இடிக்காத” என்று கத்தினார்.

“இடிச்சா விழுந்துடுமா அண்ணே?”

“விழாது. ஆனா இடிக்காத.”

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து டெஸ்ஸா தட்டி, “இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்!” என்று வழிகாட்டினாள். பெரியப்பா போய் மின்சாரக் கம்பளி ஒன்றைக் கொண்டுவந்து தங்கைக்குக் கொடுத்தார். பலகை வைக்காததற்கு அபராதம் என்று அவர் சொல்லவில்லை. அத்தையும் கேட்கவில்லை. பிறகு அவள் மாவு டப்பாவை இறக்கி, பழைய தோட்டாக்களில் ஒட்டியிருந்த மாவைப் பார்த்துவிட்டு அவற்றை ஒதுக்கினாள். சிக்காமல் ஓடிய உருண்டை மூக்குப் பெட்டியைத் திறந்து, வலிக்கிற கட்டைவிரலால் ஒவ்வொன்றாக அழுத்தி நிரப்பினாள். படுத்துப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். கதவைத் தாண்டிக் கல்லைப் பார்த்தாள். இழுப்பறையை மூடினாள்.

திங்கட்கிழமை காலை நான் கூட்டுறவுக் கடையைத் திறந்தபோது வாசலில் பிள்ளைகள் இன்னும் நின்றுகொண்டிருந்தார்கள். எங்கள் வாசல் பஸ் நிற்கும் இடம். பஸ் வரவில்லை. ஒருவன் ஒற்றைக்காலில் குதித்தான். ஒருத்தி, “வெல்டாம்மா செத்துப் போயிட்டாங்களா?” என்று கேட்டாள். பள்ளி அலுவலகத்திலிருந்து என் போனுக்கு அழைப்பு வந்தது, பஸ் எங்கே என்று. டெஸ்ஸாவைக் கூப்பிட்டேன்.

அவள் கிசுகிசுத்தாள். “உரக்கப் பேசாதீங்க. புள்ளை தூங்குது.”

“வெல்டா அத்தை எங்க?”

“இப்பத்தான் சுவரைத் தட்டி எழுப்பினேன். நானே இப்பத்தான் எந்திரிச்சேன். மூணு பேரும் நல்லாத் தூங்கிட்டோம்.” பின்னால் கதவு ஒன்று படாரென்று சாத்தப்படுவதும், அத்தை தன் காலணியைத் தேடித் திட்டுவதும் கேட்டது.

கொஞ்ச நேரத்தில் மஞ்சள் பஸ் வளைவில் திரும்பியது. கதவு திறந்தது. அத்தையின் தலைமுடி ஒரு பக்கம் மட்டும் வாரியிருந்தது, கன்னத்தில் தலையணைக் கோடு. பிள்ளைகள் ‘ஓ’வென்று கத்தினார்கள். அவள் பஸ் வாழ்க்கையில் முதல் தாமதம், அவர்களுக்கு இதைவிடப் பெரிய பண்டிகை என்ன வேண்டும்?

“ஆபீசுலேர்ந்து கூப்பிட்டாங்க அத்தை” என்றேன் படியருகே போய். “சாவி விஷயம்...”

“சாவி இதோ வண்டியில இருக்கு. எடுக்குறவன் வரட்டும், கை வெக்கட்டும், பாக்குறேன்” என்றாள். பிறகு பிள்ளைகளைப் பார்த்து, “என்ன சிரிப்பு? நாளைக்கும் லேட்டாவும்னு கனவு காணாதீங்க. ஏறுங்க, ஏறுங்க!” என்று கைப்பிடியை இழுத்தாள்.